டிரங்குப் பெட்டிக்குள் ஊர்ச் சரித்திரம்

(மன்னார்குடி வட்டாரத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றில், வாசகர் வட்டம் மார்கழி மாதத்தில் நடத்திய ஊர்ச் சரித்திர மாலையில் ஆற்றிய உரை)



இந்தச் சின்ன நூலகத்தில் இன்று உட்கார இடமில்லை. வாசலிலும் வேப்ப மரத்தடியிலும் ஜனங்கள் நிற்கிறார்கள். வயலிலிருந்து கரையேறி, கால் கழுவிக்கொண்டு நேராக வந்தவர்கள் இருக்கிறார்கள். திருப்பூரிலும் கோவையிலும் ஆலை வேலைக்குப் போய், இரண்டு நாள் லீவில் வந்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊரின் பழைய சரித்திரத்தைப் பேசுவதற்கு இத்தனை பேர் கூடியது சாதாரண விஷயமல்ல. இதை ஏற்பாடு செய்த இளைஞர்களுக்கும் நூலகருக்கும் எங்கள் நன்றி.

கூட்டம் ஆரம்பிக்கும் முன்பு அந்த நீள மேஜையை எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். ஓலைச்சுவடி ஒரு கட்டு இருக்கிறது. கோயில் தேரின் பழைய படம் இருக்கிறது. பெரிய வீட்டுக் கல்யாணப் படம், கிராமபோன் பெட்டி, வெண்கல அண்டா, பண்ணைக் கணக்குப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. பார்க்க வேண்டிய சாமான்கள்தான். பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் கடைசி வரிசையில் ஒரு தாயார் மடியில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்ன அம்மா அது என்று கேட்டோம். அவிழ்த்துக் காட்டினார். ஒரு தகர டப்பா. அதற்குள் நாலாக மடித்து நைந்துபோன ஒரு சீட்டு. 1953ம் வருஷத்து விவசாயிகள் சங்கச் சந்தா ரசீது. சந்தா ஓரணா.

"எங்கப்பா கட்டுன சீட்டு தம்பி. பொட்டிலயே கெடந்துது. எல்லாரும் பழய சாமான் கொண்டாறாங்களேன்னு எடுத்தாந்தேன். அங்க பாத்தா வெண்கலமும் வெள்ளியுமா வச்சிருக்காங்க. இதப்போயி எப்புடி வக்கிறது?" என்றார்.

தோழர்களே, நாங்கள் இன்று பேச நினைத்து வந்தது வேறு. அந்த ஒரு கேள்வியைக் கேட்ட பிறகு அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தோம். ஊரின் சரித்திரம் என்றால் எது? மேஜையில் ஏறத் தகுந்தது எது? அதைச் சொல்ல வேண்டியவர்கள் யார்?

பண்ணைக் கணக்கில் இல்லாதது

மேஜையிலுள்ள பண்ணைக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். எந்த வயலில் எத்தனை கலம் கண்டது, யாருக்கு எத்தனை மரக்கால் அளந்தது, யார் எவ்வளவு கடன்பட்டது எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கிறது. ஒரு படி நெல்கூடத் தப்பவில்லை.

ஆனால் பண்ணையாளை மரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்தார்களே, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்களே, அது எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. கொடுத்த நெல்லுக்குக் கணக்கு உண்டு. கொடுத்த அடிக்குக் கணக்கு இல்லை!

கன்னடம் பேசும் சீமையிலிருந்து வந்த தோழர் பி. சீனிவாசராவ் 1943ல் இந்தப் பகுதியில் கால்வைத்தார். சேரிகளில் தங்கி, பண்ணையாட்களோடு உண்டு, சங்கம் கட்டினார். 1944ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் இனி இல்லை என்று எழுத்தில் வந்தது. இதன் அர்த்தம் என்ன? ஒன்றை நிறுத்துவதாக எழுதினால், அது நடந்துகொண்டிருந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். பண்ணைக் கணக்கு மறைத்ததைச் சங்கத்தின் காகிதம் காட்டிக் கொடுத்தது. அந்தச் சங்கத்துக்குக் கட்டிய ஓரணாவின் ரசீதுதான் அந்தத் தாயாரின் டப்பாவில் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், வெண்கல அண்டா பெரியதா, அந்தச் சீட்டு பெரியதா?

கோர்ட்டுக் காகிதத்தையும் பார்ப்போம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர் வெந்து மடிந்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கும், செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் கிடைத்த பரிசு அது. கீழ்க் கோர்ட்டு மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. ஹைகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. சட்டத்தின் தஸ்தாவேஜை மட்டும் படித்துவிட்டுப் போகிறவன் என்ன தெரிந்துகொள்வான்? 44 பேர் செத்தார்கள், கொன்றவன் என்று யாரும் இல்லை என்றுதானே! கொன்றது யார் என்று சொல்ல, உயிரோடு மிஞ்சியவர்களின் வாய்மொழியும், அதைக் கேட்டு எழுதிவைத்தவர்களின் காகிதமும், உழைப்பாளிகள் எழுப்பிய நினைவுச் சின்னமும்தான் இருக்கின்றன.

சென்னை எழும்பூரில் சர்க்காரின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மிகப் பெரிய களஞ்சியம். வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர்களும் போலீசும் எழுதிய அறிக்கைகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் நம்முடைய பாட்டன்மாரும் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? கலகக்காரன் என்றும், கைதி என்றும், குற்றவாளி என்றும் வருகிறார்கள். ஏன் கலகம் செய்தான், அன்று அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அங்கே இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

நூலகம் யாருடையது?

"இதெல்லாம் படித்தவர்கள் பாடு, நமக்கு எதற்கு நூலகம்?" என்று சிலர் நினைக்கலாம். நம் வட்டாரத்துச் சரித்திரமே அதற்குப் பதில் சொல்கிறது.

1931ம் வருஷம் இதே மன்னார்குடிப் பக்கத்தில், மேலவாசலில், கனகசபை பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். நூலகத்துக்கு ஜனங்கள் வர முடியாவிட்டால் ஜனங்களிடம் நூலகம் போகும் என்ற எண்ணம் அது. நம் சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், இந்தியாவில் நூலக இயக்கத்துக்கே தந்தை என்று பெயர் பெற்றவர். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல என்பதே அவர் வகுத்த முதல் விதியின் சாரம். அவர் பல வருஷம் வாதாடியதன் பலனாக, 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அதுவே.

அந்தச் சட்டம் என்ன செய்தது? வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. ஆகவே இந்த நூலகம் யாரோ ஒரு தர்மப் பிரபு போட்ட பிச்சை அல்ல. ஓட்டு வீட்டுக்கும் கூரை வீட்டுக்கும் வரி கட்டுகிறோமே, அந்தக் காசில் நடப்பது. இங்கே வந்து உட்காரவும், கேட்கவும், நம் காகிதத்தை வைக்கவும் நமக்குப் பாத்யதை உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1931ல் அந்த வண்டி வந்த காலத்தில் பண்ணையாளின் பிள்ளை பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. பண்ணை மாட்டைத்தான் மேய்த்தான். வண்டி தெருவுக்கு வந்தாலும் எழுத்து அவன் வீட்டுக்கு வரவில்லை. இன்று அவன் பேரப்பிள்ளைகள் இங்கே வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். இந்த மாறுதல் தானாக நடந்ததா? அதுவும் ஊரின் சரித்திரம்தான். அதையும் மேஜையில் வைக்க வேண்டும்.

காகிதம் இல்லாத பாத்யதை

பழைய காகிதம் பெருமைக்கு மட்டும் அல்ல, தோழர்களே. பிழைப்புக்கும் அதுதான் ஆதாரம்.

1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போராடிப் பெற்ற சட்டம். ஆனால் வாய்வார்த்தைக் குத்தகைக்கு எழுத்து ஏது? "இவன் என் குத்தகைதாரனே அல்ல" என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரம்பரையாக உழுதவன் வரப்பில் நிற்பான். அதனால்தான் குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 1969ல் தனியாக ஒரு சட்டம் செய்ய வேண்டி வந்தது. 1971ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஜூன் 19ந் தேதி மிராசுதாரின் மனையில் குடிசை போட்டு இருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது. நல்லது. ஆனால் அன்றைக்கு அங்கேதான் குடியிருந்தேன் என்று காட்ட வேண்டாமா? ஒரு ரசீதோ, ஒரு கடிதத்தின் மேல்விலாசமோ இருந்தவன் தைரியமாக நின்றான். எதுவும் இல்லாதவன் பிறர் தயவை நாடி அலைந்தான்.

மிராசுதார் காகிதத்தை இரும்புப் பெட்டியில் வைத்தார். நாம் கூரையில் சொருகி வைத்தோம். மழை வந்தது, கறையான் வந்தது. வழக்கு வந்தபோது அவர் கையில் எழுத்து இருந்தது, நம் கையில் சத்தியம் மட்டும் இருந்தது!

ஆலைப் பிள்ளைகளுக்கு

ஆலையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, இது வயலின் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் வேலை செய்யும் கோவைச் சீமையில் பஞ்சாலைகளின் சரித்திரம் என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்த முதலாளி எந்த வருஷம் ஆலை கட்டினார், எத்தனை கதிர்கள் ஓடின, பைகாராவிலிருந்து எப்போது மின்சாரம் வந்தது என்றெல்லாம் இருக்கும். கதிரை ஓட்டிய கை யாருடையது என்று தேடினால் பக்கம் காலியாக இருக்கும். அந்தக் கோவையில்தான் 1946 ஜனவரி 8ந் தேதி சின்னியம்பாளையத்துத் தொழிலாளிகள் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். முதலாளிகள் எழுதிய சரித்திரத்தை நம்பியிருந்தால் இந்த நாலு பெயரும் நமக்குக் கிடைத்திருக்குமா? தொழிலாளிகள் மனதில் வைத்து, மேடையில் சொல்லி, வருஷா வருஷம் நினைவுநாள் கொண்டாடியதால்தான் கிடைத்தன.

வேலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1922ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றது. 1934ல் 54 ஆயிற்று. 1946ம் வருஷத்துத் திருத்தத்தில் 48 ஆயிற்று. இப்படி எழுதினால் யாரோ நல்ல மனதோடு குறைத்தது போலத் தோன்றும். 1908ல் தூத்துக்குடி கோரல் மில்லில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1918ல் சென்னையில் தொழிலாளர் சங்கம் அமைந்தது. வேலைநிறுத்தமும் கதவடைப்பும் துப்பாக்கிச் சூடும் கண்ட பிறகுதான் அந்த எண்கள் இறங்கின. அந்த இடைப்பட்ட கதை சட்டப் புத்தகத்தில் இல்லை. நோட்டீசிலும், சங்க மினிட் புத்தகத்திலும், நம் தாத்தாக்களின் ஞாபகத்திலும் இருக்கிறது.

அது பழைய கதைதானே என்கிறீர்களா? 2023 ஏப்ரலில் நம் சட்டசபையிலேயே 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்துக் கிளம்பின. மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. 8 மணி நேரம் எப்படி வந்தது என்று தெரிந்தவன்தான் 12 மணி நேரம் என்றதும் திடுக்கிட்டு எழுவான். தெரியாதவன், "ஓவர்டைம் கிடைக்கும்" என்று கையெழுத்துப் போடுவான். பழைய நோட்டீசைப் பத்திரப்படுத்துவது நாளைய கூலியைப் பத்திரப்படுத்துவதாகும்.

எங்கள் தவறு

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எங்கள் தவறையும் இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் சங்க ஆபீசை ஒரு சமயம் வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். பழைய அலமாரியில் முப்பது வருஷத்துக் காகிதம் இருந்தது. மினிட் புத்தகங்கள், கோரிக்கை மனுக்களின் நகல்கள், கேஸ் கட்டுகள், உண்டியல் வசூல் கணக்குகள். பாதியைக் கறையான் தின்றிருந்தது. "இதை யார் தூக்குவது?" என்று மீதியையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டோம். எடைக்கு எடை காசு வாங்கி, அதில் புது ஆபீசுக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.

சில வருஷம் கழித்து ஒரு தோழர் இறந்தார். இளமையில் ஜெயிலுக்குப் போனவர். இரங்கல் கூட்டத்தில் பேச வேண்டும். எந்த வருஷம் சங்கத்தில் சேர்ந்தார், எந்தப் போராட்டத்தில் கைதானார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவருடைய மகன் எங்களைக் கேட்டான்: "எங்கப்பாவப் பத்தி எழுதி வச்சது ஒங்ககிட்டயாவது இருக்குமான்னுதான் வந்தேன்." நாங்கள் தலைகுனிந்து நின்றோம். போலீஸ் வைத்திருக்கும் அளவுக்குக்கூட அவரைப் பற்றிய காகிதம் அவருடைய சங்கத்திடம் இல்லை! அந்த வெட்கம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. இன்று இங்கே பேச வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று பேர் செய்த வேலை

இது பெரிய சர்வகலாசாலைக்காரர்களின் வேலை அல்லவா என்று கேட்கலாம். மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறோம்.

ஒருவர் நம்மவர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று பிறர் குப்பை என்று தள்ளியதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992ல் காலமானார். 1994ல் அவர் சேகரித்ததை வைத்தே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் திறந்தார்கள். இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து அறிஞர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

மற்ற இருவரும் இங்கிலாந்தில், நம் பஞ்சை நூற்றுத் துணியாக்கி நமக்கே விற்றார்களே, அந்த மான்செஸ்டர் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். எட்மண்ட் ஃப்ரோ கருவிப் பட்டறைத் தொழிலாளி. 1931ல் சால்ஃபோர்டில் வேலையில்லாதவர்கள் நடத்திய ஊர்வலத்தில் அடிபட்டு ஜெயிலுக்குப் போனவர். அவர் மனைவி ரூத் பள்ளி ஆசிரியை. 1953ல் சந்தித்தார்கள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஒரு பழைய வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர் இயக்கப் புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வாங்கிச் சேர்த்தார்கள். வீடு முழுக்கக் காகிதம் நிறைந்தது. 1987ல் சால்ஃபோர்டு நகரசபை ஒரு கட்டடம் கொடுத்தது. அதுவே தொழிலாளர் இயக்க நூலகமாக இன்றும் நடக்கிறது. ஒரு பட்டறைத் தொழிலாளியும் ஒரு வாத்தியாரம்மாவும் செய்த வேலை அது. நம்மால் முடியாதா?

போகிக்கு முன்னால்

தோழர்களே, இன்னும் இரண்டு வாரத்தில் போகி வருகிறது. பழையன கழியட்டும் என்று வீட்டைப் பெருக்குவோம். பெட்டியைக் கவிழ்ப்போம். விடியற்காலையில் தெருவெல்லாம் நெருப்பு எரியும். 1981ல் யாழ்ப்பாணத்து நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. தமிழ் பேசும் உலகமே துடித்தது. அது பகைவன் வைத்த தீ. போகியன்று நம் சரித்திரத்துக்கு நாமே நம் கையால் தீ வைக்கிறோமே, அதற்கு யார் துடிப்பது?

ஆகவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இந்தப் போகிக்கு முன்னால் வீட்டுப் பெட்டியை ஒரு தரம் கிளறிப் பாருங்கள். சங்கச் சீட்டு, பழைய கூலிச் சீட்டு, ஆலை பாஸ், கோர்ட்டு சம்மன், ஜெயிலிலிருந்து வந்த கார்டு, ஊர்வலப் படம், மாநாட்டு நோட்டீஸ், எது கிடைத்தாலும் எறியாதீர்கள். படத்தின் பின்பக்கத்தில், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் லேசாக எழுதுங்கள். கிழிந்த காகிதத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அது காகிதத்தையே தின்றுவிடும். பிளாஸ்டிக்கில் வைத்து இஸ்திரி போட்டது போல ஒட்டிவிடவும் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாமல் சுத்தமான உறையில் வையுங்கள். இங்கே கொண்டுவந்தால் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் படமெடுத்துக்கொண்டு உங்கள் சொத்தை உங்களிடமே திருப்பிக் கொடுப்பார்கள்.

காகிதமே இல்லாத வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். எழுத விடாத சமுதாயத்தில் காகிதம் எங்கே இருக்கும்? உங்கள் வீட்டுக் கிழவர் கிழவிகளின் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளே, உங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் சினிமாப் பாட்டுக் கேட்கும் நேரத்தில் அரைமணியை ஒதுக்குங்கள். பாட்டியை உட்கார வைத்து, "நடவுக்கு என்ன கூலி கொடுத்தாங்க? பிள்ளைய எங்க தொட்டில் கட்டிப் போட்டீங்க? எந்தக் குளத்துல தண்ணி எடுக்க விடல?" என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். சொல்கிறவருடைய பெயரும் தேதியும் சேர்த்து வையுங்கள். அவர் போய்விட்டால் அந்தப் புத்தகம் திரும்ப அச்சாகாது.

சங்கத்தாருக்கும் சொல்கிறோம். மினிட் புத்தகம் எடைக்குப் போடும் காகிதம் அல்ல. ஒவ்வொரு கிளையும் ஒரு இரும்புப் பெட்டி வாங்குங்கள். பொறுப்பை ஒரு தோழரிடம் ஒப்படையுங்கள். நாங்கள் எங்கள் ஆபீசில் ஆரம்பித்துவிட்டோம். இழந்தது திரும்ப வராது. இனி இழக்க மாட்டோம்.

கடைசியாக அந்தத் தாயாரிடம் ஒரு வேண்டுகோள். அம்மா, மேஜையில் பண்ணைக் கணக்குப் புத்தகம் விரித்து வைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உங்கள் அப்பா கட்டிய ஓரணாச் சீட்டை உங்கள் கையாலேயே வையுங்கள். ஊருக்கு எதிரில் வையுங்கள். கணக்குப் புத்தகம் இந்த ஊரைப் பாதிதான் சொல்கிறது. மீதிப் பாதியை உங்கள் சீட்டு சொல்லட்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்குத்தான் நம் ஊர் எது என்று தெரியும்.

அம்மா எழுந்து வருகிறார். வழிவிடுங்கள், தோழர்களே.